மன்னரின் கையெழுத்தும் லயத்து மக்களின் வாக்கும்

கவர்னர் என்றதும் தமிழ்நாட்டில் இன்று நம் நினைவுக்கு வருபவர், மசோதாவில் கையெழுத்துப் போடாமல் கிடப்பில் வைப்பவர். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் நிறைவேற்றியதை ஒரு நியமன ஆள் நிறுத்தி வைக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. இங்கே நான் எழுதப் போவது அதற்கு நேர் எதிரான வரலாறு. கேட்டதும் கையெழுத்துப் போட்டவர்களின் வரலாறு. அந்தக் கையெழுத்துகளால் நம் மக்கள் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இடம் இலங்கை. 1948 பிப்ரவரி 4ஆம் தேதி அந்நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் குடியரசு ஆகவில்லை. 1972 மே 22 வரை 24 ஆண்டுகள் பிரிட்டிஷ் முடிதான் அதன் தலைமை. அந்த முடியின் பிரதிநிதியாகக் கொழும்பில் உட்கார்ந்திருந்தவர் கவர்னர் ஜெனரல். இலங்கைத் தமிழில் மகாதேசாதிபதி. மொத்தம் நான்கு பேர்: ஹென்றி மூர், சோல்பரி பிரபு, ஒலிவர் குணதிலக்க, வில்லியம் கோபல்லாவ. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதா இவர்கள் மன்னர் பெயரால் ஒப்புதல் தந்தால்தான் சட்டமாகும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சமும் சேரி வாழ்க்கையும் துரத்த, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து போனவர்கள். 1820களில் தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கன்னொறுவையில் தானே காப்பித் தோட்டம் போட்டவர். மன்னரின் பிரதிநிதியே தோட்ட முதலாளி! மேலே தேசாதிபதி, அவருக்குக் கீழே துரை, துரைக்குக் கீழே கங்காணி, எல்லாருக்கும் அடியில் லயத்து மனிதர். அந்தக் கங்காணிகளில் பலரும் ஆதிக்க சாதிக்காரர்கள். ஊரிலிருந்த ஏணி அப்படியே கடல் தாண்டிப் போனது.

1946 கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்று பதிவானவர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் மக்கள் தொகையில் ஏறக்குறைய 12 சதவீதம். 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்கில் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் தொண்டமானும் அதில் இருந்தார்கள். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு எதைப் பார்த்து அஞ்சியது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

1948இல் வந்தது குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. லயத்தில் பிறந்த தாத்தாவுக்கு யார் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்? மறு ஆண்டு, பதிவு செய்து குடியுரிமை பெற இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி மனுப்போட்டவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமகன் அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட வெல்லவில்லை.

எல்லாச் சட்டங்களிலும் மன்னர் பெயரால் ஒப்புதல் இருக்கிறது.

கவர்னர் ஜெனரல் தடுத்திருக்க முடியாதா? இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சோல்பரி பிரபு தலைமையிலான குழுவின் பரிந்துரையில் உருவான 1946 அரசியலமைப்பில் இரண்டு பாதுகாப்புகள் இருந்தன. ஒன்று, 29ஆம் பிரிவு: மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மீது மட்டும் நாடாளுமன்றம் சுமத்தக்கூடாது. இரண்டு, 37ஆம் பிரிவு: ஓர் இனத்தாரோ மதத்தாரோ கடுமையாக எதிர்க்கும் மசோதா அவர்களுக்குப் பெரும் அநீதி ஆகும் என்று கவர்னர் ஜெனரல் கருதினால், ஒப்புதல் தராமல் மன்னரின் முடிவுக்கு ஒதுக்கி வைக்கலாம். சுதந்திரத்தையொட்டிச் செய்த திருத்தத்தில் இந்த இரண்டாவது பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். சுதந்திர நாட்டின் சட்டத்தை லண்டன் நிறுத்தக்கூடாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் அதை எடுத்த இடத்தில், பலவீனமானவரைக் காக்க வேறு எதையும் வைக்கவில்லை. அது போன அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. மூர் கையெழுத்திட்டார். அதிகாரம் கையில் இருந்திருந்தால் மட்டும் அந்த வெள்ளைக்காரப் பிரபு லயத்து மக்களுக்காக நின்றிருப்பார் என்று நான் நம்பவில்லை.

மிச்சமிருந்தது 29ஆம் பிரிவு. அதை நம்பிக் கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றது. குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை, இது குறிப்பிட்ட சமூகத்துக்கு எதிரான சட்டம் அல்ல என்றார்கள். 1948 சட்டத்தைப் படித்தால் 'தமிழர்' என்றோ 'கூலி' என்றோ ஒரு சொல் இருக்காது. 'தகுதி' மட்டும் இருக்கும்.

இந்த வித்தை நம் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் பெருநகர் இருக்கும் உத்திரமேரூர் வட்டத்துக்கே பெருமை என்று சொல்லப்படும் குடவோலைக் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டியது. சபை கூடி விதி செய்தபோது மன்னரின் ஆணைப்படி அவருடைய அதிகாரியும் உடன் உட்கார்ந்திருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. விதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. சேரிக்காரன் வரக்கூடாது என்று தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை. தகுதியை எழுதினால் போதும், ஆள் தானாக வெளியே போய்விடுவான். ஆயிரம் ஆண்டு கழித்துக் கொழும்பில் நடந்ததும் அதேதான். பக்கத்தில் மன்னரின் ஆள் உட்கார்ந்திருந்ததும் அதேதான்.

கவர்னர் ஜெனரல் பாவம் பொம்மை, பிரதமர் சொன்னதைச் செய்தார் என்று முடித்துவிடலாமா? முடியாது. 1958 கலவரத்தில் அவசரநிலை வந்ததும் நிர்வாகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து நடத்தியவர் ஒலிவர் குணதிலக்க. 1960இல் டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசு தோற்றபோது, வேறு யாரையும் ஆட்சி அமைக்க அழைக்காமல் நாடாளுமன்றத்தைக் கலைத்தவரும் அவரே. ஆள்பவர்களுக்குள் தகராறு என்றால் அந்த நாற்காலிக்கு உயிர் வரும். ஆளப்படுபவர்களின் உரிமை என்றால் அது வெறும் பேனா. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1957இல் தீண்டாமைக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், இரண்டும் அதே நாற்காலியைக் கடந்து போனவை. முதலாவதற்காக அதைத் திட்டவும் வேண்டாம், இரண்டாவதற்காகக் கும்பிடவும் வேண்டாம்.

அந்த நாற்காலி ஒன்று மட்டும் கொடுத்தது: நியமன உறுப்பினர் பதவி. தேர்தலில் பிரதிநிதித்துவம் கிடைக்காதவர்களுக்கென்று 6 பேரைக் கவர்னர் ஜெனரல் நியமிக்கலாம். வாக்கைப் பறிகொடுத்த மலையகத்துக்காக 1960இல் தொண்டமான் அப்படித்தான் உள்ளே போனார். யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் தலைவர் எம்.சி. சுப்பிரமணியமும் 1970இல் அப்படித்தான் போனார். இவர்களின் போராட்டம் பெரிது. ஆனால் பிரதமர் பரிந்துரைக்க மகாதேசாதிபதி தரும் இடத்தை, பிரதமர் நினைத்தால் தராமலும் விடலாம். உரிமையைப் பிடுங்கிக்கொண்டு சலுகையாகத் திருப்பித் தருவது என்றால் இதுதான்.

தமிழர் தலைமையாவது உறுதியாக நின்றதா என்றால், அதுவும் இல்லை. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு 1949 சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்தார். மொழி ஒன்றாக இருந்தாலும் லயத்து மனிதர்களின் வாக்கு பேரம் பேசக்கூடிய பொருளாகத்தான் இருந்தது.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களை எண்ணிக்கையாகவே பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1972இல் குடியரசு வந்தது. 29ஆம் பிரிவு போனது. கடைசி மகாதேசாதிபதி கோபல்லாவவே முதல் ஜனாதிபதியானார். இலங்கையில் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் வந்தது 2003இல். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையக வழித்தோன்றல்கள் பலருக்கு இன்னும் எந்த நாடும் இல்லை. 2019ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

சோல்பரி பிரபு 1949 முதல் 1954 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தான் வரைந்த பாதுகாப்பு எப்படி ஓட்டையானது என்பதை அங்கிருந்தே பார்த்தவர். 1963இல் ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், இந்தியாவைப் போல அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அண்ணல் அம்பேத்கர் இதை 1948லேயே தெளிவாகப் பார்த்தார். உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றம் போக வழி தரும் இன்றைய 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். மேலே இருக்கும் ஒரு நல்ல மனிதரை நம்பி நம் உரிமையை ஒப்படைக்கக் கூடாது.

எழுதிய உரிமையும் தானாகக் காப்பாற்றாது என்பதை களத்தில் தினமும் பார்க்கிறோம். எங்கள் பகுதியில் இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறோம். தாத்தாவின் பத்திரம் எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் என்றால் முதலில் பதறுவது செங்கல் சூளைக்குப் போன குடும்பம். ஆகவே தோழர்களே, 'இது எந்தச் சாதிக்கும் எதிரானது அல்ல, ஆவணம் மட்டும் போதும்' என்று யாராவது சொன்னால், அந்த ஆவணம் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்று கேளுங்கள். உங்கள் காலனியின் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். விடுபட்ட பெயருக்கு அன்றே படிவம் கொடுங்கள். மலையகத்தில் பெயர்கள் போன பிறகு 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மாதக்கணக்கில் இருந்தார்கள். போன வாக்கு பல பத்தாண்டுகளுக்குத் திரும்பவில்லை.

ஜெய்பீம்.