பரிசும் நடுவரும்

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்தம் பெயர்கள் உண்டு. செதுக்கிய சிற்பியின் பெயரை நான் கண்டதில்லை. கலைஞனைப் பேர்சொல்லிப் போற்றுவதைப் பன்னாட்டு விழாவாக்கியது இத்தாலியின் வெனிசு நகரம். ஈராண்டுக்கொரு முறை நிகழும் அக்கலைக்காட்சி 1895இல் தோன்றியது. 1968இல் அங்கு மாணவர் கிளர்ந்தெழுந்தனர். கலை வணிகப்பொருளாகிறது என்றனர். பின்னர்ப் பரிசுகள் நின்றன. 1986இலேதான் மீண்டும் வந்தன.

வியப்பென்னவெனில், அதே 1968இல் முல்க்ராஜ் ஆனந்தின் முயற்சியால் லலித் கலா அகாதெமி, புதுதில்லியில் மூவாண்டுக்கொரு முறை நடத்திய அனைத்துலகக் கலைக்காட்சியைத் தொடங்கிப் பரிசும் வழங்கிற்று. அதனை நான் குறைகூறேன். புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளின் கலைஞருக்கு அரங்கொன்று வேண்டியிருந்தது. ஆயினும், 1971இல் இரண்டாம் காட்சி நடந்தபோது நம் ஓவியர் சிலரே எதிர்த்து நின்றனர்.