பிக்கடிலி நீரூற்று

இலண்டன் மாநகரின் நடுவே, பிக்கடிலி வட்டத்தில், ஒற்றைக் காலில் நின்று வில்லேந்தும் சிறகுடைய இளைஞன் ஒருவனின் உருவம் உண்டு. ஈரோசு என்னும் காமதேவனின் சிலையென்று உலகம் முழுவதும் அதனை அறியும். அஃது ஒரு தண்ணீர்ப்பந்தலின் முடியென்பதும், அப்பந்தல் ஒரு பெருமகனின் நினைவாக எழுந்ததென்பதும் பலருக்குத் தெரியா.

அப்பெருமகன் ஏழாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபு (1801 - 1885). ஆங்கில நாட்டுச் சரித்திரம் பயின்றோர் அவர் பெயரைத் தொழிற்சாலைச் சட்டங்களோடு சேர்த்து மனனம் செய்திருப்பர். பெண்களையும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரையும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலைக்கு இறக்கலாகாதென விதித்த 1842ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியின் பயன். 1847இற் பத்துமணிச் சட்டம் நிறைவேறியபோது அவர் பாராளுமன்றத்தில் இருந்திலர். எனினும் அதற்காக ஆண்டுக்கணக்கிற் போராடியவர் அவரே. புகைபோக்கிகளுள் ஏறித் துப்புரவு செய்த ஏழைச் சிறுவரின் துயரம் நீங்க 1875 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகையார்க்கு நீரூற்றை ஏன் நினைவுச் சின்னமாக்கினர்? அக்கால இலண்டனில் நல்ல குடிநீர் ஏழைக்கு எளிதிற் கிட்டாத பொருள். 1854இல் வாந்திபேதி நோய் பரவியபோது, புறோட் தெருக் குழாய்நீரே அதற்குக் காரணமென வைத்தியர் யோன் சினோ காட்டினார். அக்குழாயின் கைபிடி கழற்றப்பட்டது. அத்தெரு பிக்கடிலியிலிருந்து நடந்துசெல்லும் தூரத்திலேயே உளது. 1859இற் சாமுவேல் கேணி என்பவர் இலவசக் குடிநீர் ஊற்றுக்களை அமைக்க ஒரு சங்கத்தை நிறுவினார். நாளடைவில் அச்சங்கம் கால்நடைகளுக்குந் தொட்டி கட்டியது. நம்மூர்க் கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் அறிந்தார்க்கு இவ்வறத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிரபு மறைந்தபின் நினைவுச் சின்னம் ஆக்கும் பொறுப்பு, 1886இல், அல்பிரெட் கில்பேட் என்னும் சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வழக்கமான மேலங்கி அணிந்த பிரபுவின் சிலையை வடிக்க விரும்பிலர். தன்னலமற்ற அன்பிற்குரிய அந்தெரோசு என்னும் தெய்வத்தை, ஈரோசின் உடன்பிறந்தானை, உருவகமாகக் கொண்டார். ஊற்றினை வெண்கலத்தாலும், உச்சியிலுள்ள உருவத்தை அக்காலச் சிற்பக்கலைக்குப் புதிதாகிய அலுமினியத்தாலும் வார்த்தார். 1893 யூன் 29இல் உவெஸ்ற்மின்ஸ்ரர் கோமகன் அதனைத் திறந்துவைத்தார். கல்வெட்டு வாசகத்தை எழுதியவர் கிளாட்ஸ்ரன்.

திறப்புவிழாவின் பின்னரே தொல்லைகள் வெளிப்பட்டன. கில்பேட் விரும்பிய அகன்ற தடாகத்திற்கு இடமளிக்கப்படவில்லை. சிறிய தொட்டியிலிருந்து காற்றடித்தபோதெல்லாம் நீர் வழிப்போக்கர் மீது சிதறிற்று. சங்கிலியிற் பிணித்த குடிகலங்களோ விரைவிற் களவு போயின. ஆடையற்ற உருவம் அறநெறிப் பிரபுவுக்கு ஒவ்வாதென்று சிலர் குறைகூற, அதனைக் கிறித்தவ ஈகையின் தேவதை எனப் பெயரிட்டுச் சமாதானம் செய்ய முயன்றனர். மக்கள் இரண்டு பெயரையும் விட்டு ஈரோசு என்றே அழைத்தனர். வில் கீழ்நோக்கியிருப்பது பிரபுவின் பெயரை வைத்துச் செய்த சிலேடை என்பாருமுளர். எமக்கு அது பிற்காலத்தார் புனைந்த விநோதமாகவே தோன்றுகின்றது.

சிற்பிக்கு நேர்ந்ததோ பெருந்துயரம். வேலைக்கு அவர் பெற்றது 3,000 பவுண். செலவானது ஏறக்குறைய 7,000 பவுண். இக்கடனோடு வேறு கடன்களுஞ் சேர, 1901இல் வங்குரோத்தாகி, பெல்சிய நாட்டுப் புறூச் நகருக்குச் சென்றார். ஏழைகளுக்காக உழைத்தவரின் நினைவுச் சின்னமே அதனை ஆக்கியவரை ஏழையாக்கிற்று. அவர் தாயகம் திரும்பியது 1926இல், 1932இலே 'சேர்' பட்டம் கிடைத்தது, ஈராண்டில் மறைந்தார்.

சிலையும் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. நிலக்கீழ்ப் புகையிரத நிலைய வேலைக்காக 1925இல் அகற்றப்பட்டு, 1931இல் மீண்டது. இரண்டாம் உலகப்போரில் மறுபடியும் அகற்றப்பட்டு 1947இலே திரும்பிற்று. 1980களில் வட்டத்தின் நடுவிலிருந்து தென்மேற்கு ஓரத்திற்கு மாற்றப்பட்டது. பிக்கடிலியிலிருந்து வடகிழக்கே செல்லும் தெருவுக்கு மாத்திரம் ஷாப்ட்ஸ்பரி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.