சுவான்சோவில் குளிர்காலம் தங்கியோர்: ஒரு தமிழ்க் கல்வெட்டும் காற்றின் நாட்காட்டியும்

ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் ஒரு கல்லின் படம் சமூக ஊடகங்களில் சுற்றுக்கு வருகிறது. சீனாவின் ஃபூச்சியான் மாகாணத்துக் கடற்கரை நகரமான சுவான்சோவில் கிடைத்த, சகம் 1203, அதாவது கி.பி. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அது. படத்தோடு வரும் வாசகங்கள் பெரும்பாலும் ஒரே தொனியில் அமைந்திருக்கும்: தமிழன் சீனத்தை வென்றான், தமிழ்க்கொடி அங்கே பறந்தது என்பன போல. கல்வெட்டில் உள்ள செய்தி அதுவன்று. அதில் உள்ள செய்தியைச் சரியாக வாசிக்க எழுத்தறிவோடு காற்றைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பது என் கருத்து. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் காற்று. குவாங்சோத் துறைமுகத்தைப் பற்றி சூ யூ என்பவர் எழுதிய 'பிங்சோ கேதான்' 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நூல். கப்பல்கள் 11, 12ஆம் மாதங்களில் வடகாற்றைப் பற்றிக்கொண்டு புறப்படும். 5, 6ஆம் மாதங்களில் தென்காற்றோடு வந்து சேரும் என்கிறது அது. அவை சீனச் சந்திர மாதங்கள். நம் கணக்கில் ஏறத்தாழ மார்கழி, தை மாதங்களில் புறப்பாடு. ஆனி, ஆடி மாதங்களில் வருகை. அந்நூல் இரு கலைச்சொற்களையும் தருகிறது. கடல்கடந்து சென்று அவ்வாண்டே திரும்பாத சீனரின் நிலை 'சூஃபான்' எனப்பட்டது. வெளிநாட்டினர் குவாங்சோவுக்கு வந்து அவ்வாண்டே திரும்பாமல் இருப்பது 'சூதாங்' எனப்பட்டது. முன்னது அயல்நாட்டில் தங்குதல், பின்னது சீனத்தில் தங்குதல். தங்கிவிடும் வழக்கத்துக்கு இருபுறமும் தனித்தனிப் பெயர் வழங்கும் அளவுக்கு அது இயல்பான செயலாக இருந்திருக்கிறது.

சுவான்சோவிலும் இதே ஒழுங்குதான். நகருக்கு அருகிலுள்ள சியூரி மலையில், காற்றை வேண்டி அதிகாரிகள் நடத்திய சடங்குகளைப் பதிவுசெய்யும் பாறைக் கல்வெட்டுகள் பத்து உள்ளன. அவற்றின் காலம் 1174 முதல் 1266 வரை. கோடையில் வருகைக்கான காற்றையும் குளிர்காலத்தில் புறப்பாட்டுக்கான காற்றையும் வேண்டிச் சடங்கு நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த சுவான்சோவின் 22 இடங்களுள் இம்மலையும் ஒன்று.

தமிழில் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு வாடை என்று பெயர். அகமரபில் அது பிரிந்தோரை வருத்தும் காற்று. வினைமேற் சென்ற தலைவன் வாராத காலத்தின் அடையாளம். சுவான்சோத் துறையில் நின்ற தமிழ் வணிகருக்கோ அதுவே ஊர் திரும்பும் காற்று. அதைத் தவறவிட்டவர் மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது கல்வெட்டு. டி. என். சுப்பிரமணியம் 1978இல் வெளியான தம் கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் நொபொரு கராஷிமா மீண்டும் ஆராய்ந்தார். செய்தி சுருக்கமானது. சித்திரை மாதம் சித்திரை நாளில், கானின் உடல்நலனுக்காக, அவருடைய ஆணையின்படி, தவச்சக்கரவர்த்திகள் என்ற சிறப்புப் பெயர்கொண்ட சம்பந்தப்பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். கல்லின் அடியில் சீன எழுத்துகளும் உள்ளன. அப்போது ஆட்சியில் இருந்தவர் குப்ளாய் கான்.

மொழியியல் நோக்கில் மூன்று தொடர்களைக் கவனிக்கலாம். முதலாவது, 'திருமேனிக்கு நன்றாக'. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் அரசனின் நலனுக்காகக் கொடை அளிப்போர் வழக்கமாகக் கையாளும் வாய்பாடு இது. அரசன் மங்கோலியன் ஆனபோதும் வாய்பாடு மாறவில்லை. இரண்டாவது, இறைவனின் பெயரில் வரும் 'திருக்கானீசுரம்'. அரசன் பெயரோடு ஈசுவரம் சேர்த்துக் கோயிலுக்குப் பெயரிடும் மரபை இராசராசேச்சரம் முதலியவற்றால் அறிவோம். அவ்விதியின்படி இப்பெயரைக் கான் என்பதோடு ஈசுரம் சேர்ந்தது எனப் பிரிக்கலாம். மூன்றாவது, 'பர்மான்படி'. பர்மான் பாரசீகச் சொல். '-படி' தமிழ்ச் சொல்லுருபு. மங்கோலிய அரசாணைக்கு மங்கோலிய மொழியில் வேறு சொல் உண்டு, சீனத்திலும் உண்டு. ஆயினும் தமிழர் வாயில் புழங்கியது பாரசீகச் சொல். அத்துறைமுகத்தில் வேற்றுமொழி வணிகர் தமக்குள் பொதுவாக வழங்கிய சொற்களில் பாரசீகத்துக்கு இருந்த இடத்தை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

இந்த மூன்றில் எதுவும் வென்றவரின் மொழியாக இல்லை. ஆள்வோரின் அனுமதி பெற்று, அவருடைய நலனுக்கு வேண்டி, தம் வழிபாட்டுக்கு ஓரிடம் அமைத்துக்கொண்ட சிறு சமூகத்தின் மொழி இது.

அச்சமூகம் வந்துபோவோரால் ஆனதா, தங்கியோரால் ஆனதா? இங்கேதான் காற்றின் நாட்காட்டி உதவுகிறது. ஆடியில் வந்து மார்கழியில் திரும்பும் வணிகர் சித்திரையில் அந்நகரில் இருக்க மாட்டார். அப்போது வாடை ஓய்ந்திருக்கும். தென்காற்றில் வரும் புதிய கப்பல்களும் வந்து சேர்ந்திரா. ஆகவே அந்நாளில் அச்சன்னிதியில் கூடியவர்கள், பெரும்பாலும், அந்தக் குளிர்காலத்தைச் சுவான்சோவிலேயே கழித்தவர்களாக இருக்க வேண்டும். சித்திரையில் சித்திரை நாள் சமய நோக்கில் தேர்ந்த நன்னாள்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, நாளைத் தேர்ந்தது பஞ்சாங்கமாகவே இருக்கட்டும். கப்பல்கள் வாராத காலத்தில் வரும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ள அவர்களால் முடிந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும். சூதாங் என்ற சீனச் சொல் சுட்டும் மக்கள் இவர்களே என்று கருதுகிறேன்.

அதே 1281இல் எதிர்த்திசையில் ஒரு பயணம் நிகழ்ந்தது. குப்ளாயின் தூதரான யாங் திங்பி, முந்தைய ஆண்டே ஒருமுறை கொல்லம் சென்று திரும்பியவர். 1281ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் சுவான்சோவிலிருந்து அவர் மீண்டும் புறப்பட்டார் என்கிறது யுவான் அரசமரபின் வரலாறு. மூன்று மாதம் கழித்து இலங்கையை அடைந்தபோது எதிர்க்காற்று; உணவும் குறைந்திருந்தது. மாலுமிகளின் சொற்படி மாபார் எனப்பட்ட பாண்டியர் கடற்கரையில் இறங்கி, அங்கிருந்து தரைவழியாகக் கொல்லம் செல்ல முயன்றார், இயலவில்லை. 11ஆம் மாதத்து வடகாற்றுக்குக் காத்திருந்து, அடுத்த ஆண்டின் இரண்டாம் மாதத்தில்தான் கொல்லம் சேர்ந்தார். சுவான்சோவில் தமிழர் கானின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த அதே பருவத்தில், கானின் தூதர் தமிழ்க் கடற்கரையில் வழியின்றி நின்றிருந்தார். உலகின் மிகப் பெரிய பேரரசின் ஆணையும் காற்றுக்குக் கட்டுப்பட்டதே.

இப்பதிவைக் காக்கநாட்டில் இருந்து எழுதுகிறேன். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகளைப் பார்க்க வருவோர் பலர். சீனரொருவர் கொச்சியைப் பார்த்து எழுதியதை வாசிப்போர் சிலரே. 15ஆம் நூற்றாண்டில் செங் ஹேயின் கடற்பயணங்களில் உடன்வந்த மா ஹுவான், தம் 'யிங்யா ஷெங்லான்' நூலில் கொச்சிக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். பனியும் உறைபனியும் இல்லாத, எப்போதும் கோடை போன்ற நாடு என்கிறார். 5, 6ஆம் மாதங்களில் இரவு பகலாகப் பெருமழை, தெருக்கள் ஆறாகும், மக்கள் வீட்டினுள் அமர்ந்து மழை ஓயக் காத்திருப்பர். குளிர்காலத்திலோ ஒரு துளியும் இல்லை. கொச்சி மக்களை வகைப்படுத்தும்போது அவர் தரும் சீன ஒலிபெயர்ப்புகளில் 'செதி' என்பதைச் செட்டி என்றும், 'முகுவா' என்பதை முக்குவர் என்றும் எளிதில் அடையாளம் காணலாம். மணிகள், முத்துகள், நறுமணப் பொருள்கள் முதலியவற்றை வாங்கிச் சேர்த்துவைத்து அயல்நாட்டுக் கப்பல்களுக்கு விற்போர் செட்டிகள் என்கிறார். நம்மவர் அங்கே வாடைக்குக் காத்திருந்தனர். அவர்கள் இங்கே மழை நிற்பதைப் பார்த்திருந்தனர். சொற்கள் இருபுறமும் இடம்பெயர்ந்தது இத்தகைய காத்திருப்பின் காலங்களில்தான். சந்தையில் ஒரு நாள் நின்று பேரம் பேசுவோர் எண்களைக் கற்பர். ஒரு பருவம் முழுதும் தங்குவோரே மக்கட் பிரிவுகளின் பெயர்களையும் வாய்பாடுகளையும் கற்பர்.

சுவான்சோ சிவன் கோயில் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை நீடித்த இஸ்பா கலகமும் அதன் பின்விளைவுகளும் அந்நகரின் அயல்நாட்டுச் சமூகங்களைச் சிதைத்தன. தமிழகப் பாணியில் செதுக்கிய கற்கள் பிறர் கட்டடங்களுக்குள் சென்றன. கையுவான் பௌத்த ஆலயத்தின் தலைமைக் கூடத்துக்குப் பின்புறம் இரு தூண்களில் கண்ணன் கதைகளும் நரசிங்கமும் இன்றும் உள்ளன. அக்கூடத்தின் மேடையடியில் 70க்கும் மேற்பட்ட சிங்க, நரமுகச் சிங்கச் சிற்பப் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. தங்கியோரின் வழித்தோன்றல்கள் எங்கே கரைந்தனர் என்பதற்குக் கற்கள் விடை தருவதில்லை.

கொச்சியிலும் இத்தகைய தங்கியோர் உண்டு. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அத்தொழிலைச் செய்துவருகின்றன. அவர்களை எவரும் கொச்சியை வென்ற தமிழர் என்று எழுதுவதில்லை. அவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தனர், எந்தச் சொற்களைக் காத்தனர், எவற்றை இழந்தனர் என்றே கேட்கிறோம். சுவான்சோவின் சம்பந்தப்பெருமாளுக்கும் அதே கேள்விகள்தாம் உரியவை.

அடுத்த முறை அந்தக் கல்லின் படம் உங்கள் திரைக்கு வரும்போது, ஆண்டோடு மாதத்தையும் பாருங்கள். சீன மூலங்களை நேரடியாக வாசிக்கும் நண்பர்கள் இவ்வாதத்துக்கு மாறான சான்று அறிந்திருப்பின் பின்னூட்டத்தில் குறிப்பிட வேண்டுகிறேன்.