ஆட்டுப்பட்டியில் வளர்ந்த நாய்

1833ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இன்று உருகுவே என்று அறியப்படும் நிலப்பகுதியில் சார்ல்ஸ் டார்வின் குதிரையில் பயணம் செய்தார். வீடோ மனிதரோ கண்ணுக்குத் தென்படாத புல்வெளியில் பெரிய ஆட்டு மந்தைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் காவலாக ஓரிரு நாய்கள் மட்டுமே இருந்தன. இவ்வளவு உறுதியான நட்பு ஆட்டுக்கும் நாய்க்கும் இடையே எவ்வாறு ஏற்பட்டது என்று அவர் வியந்தார். பண்ணையாட்களிடம் கேட்டறிந்ததைத் தம் பீகிள் பயண நூலில் எழுதியும் வைத்தார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை எழுதிப் புகழ்பெற்ற டார்வினையே நாம் பெரிதும் அறிவோம். நாய்க்குட்டி வளர்க்கும் முறையைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்ட இந்த இளைஞரும் நம் கவனத்துக்கு உரியவரே.

அம்முறை மிக எளியது. மிக இளம் பருவத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பாலுள்ள ஆடு ஒன்றைப் பிடித்து நிறுத்தி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை குட்டியைப் பால் குடிக்க விடுவார்கள். பட்டிக்குள்ளேயே ஆட்டு மயிரால் அதற்குப் படுக்கை அமையும். பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழக விடமாட்டார்கள். பெரும்பாலும் காயடித்தும் விடுவார்கள். வளர்ந்தபின் அந்த நாய் மந்தையை விட்டு அகல விரும்புவதில்லை. நாள்தோறும் இறைச்சித் துண்டுக்காக வீட்டுக்கு வரும்; வாங்கியவுடன் வெட்கப்பட்டதுபோல் நழுவிவிடும். வீட்டு நாய்கள் அதைத் துரத்தும். மந்தையை அடைந்த கணத்தில் அது திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை அனைத்தும் புறமுதுகிட்டு ஓடும். தனியாக இருக்கும்போது அஞ்சி ஓடும் அதே நாய், ஆடுகளின் நடுவே நிற்கும்போது வேறொன்றாகிவிடுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆட்டை ஓட்டும் நாய் வேறு, ஆட்டைக் காக்கும் நாய் வேறு. கோலி போன்ற ஓட்டும் நாய், வேட்டை விலங்கின் இயல்பைப் பாதியில் நிறுத்திப் பழக்கப்பட்டது. அது பதுங்கும், உற்று நோக்கும், விரட்டும். ஆனால் கடித்துக் கொல்லாது. காக்கும் நாய் ஆட்டை விரட்டவே கூடாது. அது ஆடுகளுக்கு நடுவே படுத்துக் கிடக்க வேண்டும். அந்நியம் ஏதேனும் அணுகினால் எழுந்து இடையில் நிற்க வேண்டும். முன்னதற்குச் சீழ்க்கையொலியும் ஏவற்சொல்லும் கற்பிக்கலாம். பின்னதற்குக் கற்பிக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. அது எங்கே வளர வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதன் கல்வி.

ரோமானிய அறிஞர் வர்ரோ, தம் எண்பதாம் வயதில், கி.மு. 37இல் எழுதிய வேளாண்மை நூலில் மந்தை நாய்களைப் பற்றித் தனியே பேசுகிறார். இருளில் எளிதில் அடையாளம் காண நாய் வெண்ணிறமாக இருத்தல் நலம் என்கிறார். வேட்டைக்காரரிடமோ இறைச்சி விற்பவரிடமோ நாய் வாங்க வேண்டாம் என்கிறார். முன்னவரது நாய் முயலைக் கண்டால் மந்தையை மறக்கும், பின்னவரது நாய் சோம்பிக் கிடக்கும். ஓநாயின் பல் கழுத்தில் பதியாதபடி, ஆணிகள் பதித்த தோல் பட்டையை அணிவிக்கச் சொல்கிறார். ஆணியின் இரும்பு நாயின் கழுத்தை உறுத்தாமலிருக்க உட்புறம் மென்தோல் வைத்துத் தைக்கவும் சொல்கிறார். இத்தாலியின் அப்ரூஸ்ஸோ மலைப்பகுதியில் முள் கொண்ட கழுத்துப்பட்டை இன்றும் வழக்கில் உள்ளது.

வர்ரோ சொல்லும் நிகழ்ச்சி ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவுஃபிதியுஸ் பொந்தியானுஸ் என்பவர் உம்பிரியாவில் மந்தைகளை விலைக்கு வாங்கினார். நாய்கள் விலையில் அடங்கும், இடையர்கள் அடங்கமாட்டார்கள். இடையர்கள் இத்தாலியின் தென்கோடிவரை மந்தையை ஓட்டிச் சென்று ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாட்களுக்குள், பழகிய மனிதரைப் பிரிந்திருக்க இயலாத நாய்கள், பல நாள் வழியைத் தாமாகவே கடந்து, வயல்வெளியில் கிடைத்ததைத் தின்று, உம்பிரியாவுக்கே வந்து சேர்ந்தன. டார்வின் கண்ட நாய் ஆட்டோடு வளர்ந்தது. ஆட்டை விட்டுப் பிரியவில்லை. உம்பிரிய நாய்கள் இடையரோடு ஒட்டியவை. இடையரைத் தேடிப் போயின. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். நாயின் பற்றை விலைச்சீட்டில் எழுதி மாற்றிக்கொடுக்க முடியாது.

இவ்வறிவு ஏட்டில் வாழ்ந்ததைவிட இடையர் கைப்பழக்கத்தில் வாழ்ந்ததே மிகுதி. ஆகவே தேவை மறைந்த இடத்தில் அதுவும் மறைந்தது. இங்கிலாந்தில் ஓநாய் இடைக்காலத்தின் இறுதியோடு ஏறக்குறைய ஒழிந்தது. அங்கே ஓட்டும் நாயே எஞ்சியது. வட அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயரோடு சென்றதும் அதுதான். கயோட்டி என்னும் சிறு ஓநாயினத்திடமிருந்து ஆடுகளைக் காக்க அங்கே துப்பாக்கியும் பொறியும் நஞ்சும் பயன்பட்டன. நஞ்சு கழுகையும் பிற விலங்குகளையும் கொன்றது. 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன், கூட்டரசு நிலங்களில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தார். அதன்பின் பண்ணையாளரும் ஆய்வாளரும் பழைய வழியைத் தேடலாயினர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் அவர் துணைவி லோர்னாவும் 1970களின் பிற்பகுதியில் இத்தாலி, யூகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து குட்டிகளைத் தருவித்துச் சிறு பண்ணைகளுக்குக் கொடுத்தனர். அவர்கள் ஆய்ந்து கண்டது, உருகுவேப் பண்ணையாட்கள் அறிந்திருந்ததே: பிறந்து ஏறக்குறைய பதினாறு வாரங்களுக்குள் குட்டி யாரோடு வாழ்கிறதோ அவர்களே அதன் சுற்றம். அந்தப் பருவத்தை வீட்டு வாசலில் கழித்த குட்டி, எத்துணை உயர்ந்த இனமாயினும், மந்தையை விட்டு வாசலுக்கே வரும். அதே நாட்டின் தென்மேற்கில் நவஹோ பழங்குடியினர் கலப்பின நாட்டு நாய்களையே குட்டிப் பருவத்திலிருந்து ஆடுகளோடு வளர்த்துக் காவலுக்கு வைத்திருந்தனர் என்பதும் 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. குலம் வேண்டாம் என்பதன்று. குலம் மட்டும் போதாது என்பதே செய்தி.

சிறு பண்ணையில் குட்டி வளர்ப்போரின் இடர்கள் வேறு. ஆறேழு மாதத்தில் குட்டி உருவில் பெரிதாகிவிடும். மனம் இன்னும் விளையாட்டிலேயே இருக்கும். ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வும், துரத்தும், மயிரைப் பிய்க்கும். இந்த விளையாட்டுத் தொல்லையை டார்வினும் குறிப்பிடத் தவறவில்லை. இதைக் கண்டு மனம் தளர்ந்து நாயை விலக்கிவிடுவோர் பலர். முட்டித் தள்ளும் முதிய ஆடு ஒன்றும், அனுபவமுள்ள மூத்த நாய் ஒன்றும், உடனிருந்து கண்டிக்கும் மனிதர் ஒருவரும் இருந்தால் இப்பருவம் கடக்கும். நாய் முழுக் காவலாளியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் சாலையில் அடிபட்டும் குண்டுக்கு இரையாகியும் இறந்த நாய்கள் அமெரிக்காவில் ஏராளம்.

1992இல் இத்தாலியிலிருந்து ஓநாய் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைக்குத் திரும்பி வந்தது. அங்கே பல பத்தாண்டுகளாக ஓநாயும் இல்லை. காவல் நாயும் இல்லை. இரவில் மந்தையோடு உறங்கும் இடையரும் அருகிவிட்டனர். பிரனே மலையின் வெண்ணிற நாய்களை அரசு உதவியோடு வாங்க முடிந்தது. குட்டியைப் பட்டியில் விட்டு அதன் தவறுகளை ஈராண்டு பொறுத்திருக்கும் மனிதரைத்தான் எளிதில் பெற முடியவில்லை. வழிநடைப் பயணிகளை நாய் மிரட்டியது என்ற முறையீடுகள் எழுந்தன. சில கடித்தும் விட்டன. பழி நாயின் மீது விழுந்தது.

ஓநாயும் வாழ வேண்டும், ஆடு வளர்ப்போரும் வாழ வேண்டும் என்று கருதுவோர்க்கு இவ்வரலாறு ஒரு கணக்கை முன்வைக்கிறது. உம்பிரியாவில் மந்தையையும் நாயையும் வாங்கிய அந்த ரோமானியர் இடையர்களை விலையில் சேர்க்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் எழுதும் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது அதே இனந்தான்.