மணியார்டர் முதல் மகளிர் கணக்கு வரை: தமிழகக் கிராமங்களில் நேரடிப் பண உதவியின் வரலாறு

ஏழைகளின் கையில் அரசு நேரடியாகப் பணம் கொடுப்பது நேற்று முளைத்த தேர்தல் உத்தி என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசம் 1957-இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொகை மாதம் 20 ரூபாய். அன்று தொடங்கிய பாதை 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் திட்டம் வரை நீண்டிருக்கிறது. இந்த அறுபதாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பண உதவி உண்டாக்கும் மாற்றத்தைத் தொகையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தப் பணம் யாருடைய தயவில் வருகிறது, சொன்ன நாளில் வருகிறதா என்ற இரண்டும் அதைவிட அதிகமாக முடிவு செய்கின்றன. பசியாற்றும் வேலையில் பெரும்பங்கு ரேஷன் அரிசியுடையது. பணம் செய்த வேலை வேறு: பிறர் வாசலில் போய் நிற்க வேண்டிய தருணங்களை அது குறைத்தது.

தொடக்க காலத் திட்டம் இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்தது. உதவி ‘ஆதரவற்ற’ முதியோருக்கு மட்டும். வயதுவந்த மகன் இருந்தால் ஒருவர் ஆதரவற்றவர் ஆகமாட்டார் என்பது விதியின் அடிப்படை. மகன் கஞ்சி ஊற்றுகிறானா, கூலிக்காகப் பரதேசம் போய்விட்டானா என்பதை விதி கேட்கவில்லை. முதியோரைக் காப்பது குடும்பத்தின் கடமை, குடும்பமே இல்லாதவர்களுக்குத்தான் அரசு என்ற கொள்கை அதற்குள் இருந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் மகனின் வருமானமே அவன் பிள்ளைகளுக்குப் போதாது என்பதை அந்தக் கொள்கை கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த சிக்கல் சான்றிதழ். மனு தாலுகா ஆபீசுக்குப் போகும் முன் ஊரில் விசாரணை நடக்க வேண்டும். 1980 வரை அந்த விசாரணை பரம்பரைக் கிராம அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் கையில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள சாதியினர். எந்த மிராசுதாரின் வயலில் ஆயுள் முழுக்க நாற்று நட்டாளோ, அவருடைய உறவினரிடமோ கூட்டாளியிடமோ தன் வறுமைக்குச் சான்று கேட்டு ஒரு கிழவி நிற்க வேண்டியிருந்தது என்றால், 20 ரூபாய் அவளை யாரிடமிருந்தும் விடுவித்துவிட முடியாது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒழித்தது. அவர்களுக்குப் பதில் தேர்வு மூலம் நியமிக்கப்பட்ட கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.க்கள்) வந்தார்கள். நிலவருவாய் நிர்வாகத்தின் வரலாற்றில் மட்டும் பேசப்படும் இந்த மாற்றத்தைச் சமூகப் பாதுகாப்பின் வரலாற்றிலும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வி.ஏ.ஓ.வும் கை நீட்டக்கூடியவர்தான். ஆனால் அவர் மாற்றலாகிப் போகக்கூடியவர். ஊரின் நிலத்தோடும் கூலியோடும் பரம்பரையாகப் பிணைந்தவர் அல்லர். இதையொட்டிய ஆண்டுகளில் திட்டமும் அகன்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974-இலும், ஆதரவற்ற விதவைகளுக்கு 1975-இலும், வயதான விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981-இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-இலும் தனித்தனியே உதவித்தொகை வந்தது. பணம் தபால்காரர் வழியே மணியார்டராக வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. அவர் ‘காபிக்கு’ என்று ஐந்தோ பத்தோ பிடித்துக்கொள்வது ஊரறிந்த ரகசியம். ஆயினும் நடக்க முடியாத ஒருவரின் திண்ணைக்கே வந்து எண்ணிக் கொடுத்த அந்த முறைக்கு ஈடான வசதியைப் பிற்காலத்து வங்கி இயந்திரங்கள் தரவில்லை.

இந்தச் சிறு தொகைகள் என்ன சாதித்தன? இதற்குப் பதில் தேட இருவேல்பட்டைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916-இல் ஆய்வு செய்த, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர் அது. அதன்பின் பலமுறை மறு ஆய்வுக்கு உட்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அங்கே போனார்கள். நூறாண்டுக்கு முன் ஒருசில நிலவுடைமைக் குடும்பங்களின் பிடியில் இருந்த ஊரில், தலித் கூலிக் குடும்பங்கள் அந்தப் பிடியிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டதை 2008 ஆய்வு பதிவு செய்தது. திருப்பூர் வட்டாரக் கிராமங்களை 1981 முதல் தொடர்ந்து ஆய்ந்த ஜூடித் ஹேயரும் இதையொத்த முடிவுக்கே வந்தார். பண்ணையாள்களாக இருந்தோரின் நிலை மாறியதில் வெளியூர் வேலைக்கு நிகராக அரசின் சமூகத் திட்டங்களுக்கும் பங்கு உண்டு என்றார். இதில் பணத்தின் பங்கை அரிசியிலிருந்தும் சத்துணவிலிருந்தும் நூறு நாள் வேலையிலிருந்தும் பிரித்து எடைபோடுவது கடினம். அப்படிப் பிரிப்பது சரியுமாகாது. அரிசி பசியைப் பார்த்துக்கொண்டதால்தான் பணம் மருந்துக்கும் மளிகைக் கடைப் பாக்கிக்கும் மகளிர் குழுக் கடன் தவணைக்கும் போக முடிந்தது. அவசரத்துக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால் முதலாளியிடம் முன்பணம் வாங்கி அறுவடையில் கழித்த குடும்பத்துக்கு, அந்த நூறு ரூபாய் வேறெங்கிருந்தோ வந்தால் கூலி பேசும்போது குரல் சற்று உயரும். மாற்றம் நிகழ்ந்தது இந்த இடத்தில்தான்.

நிபந்தனை கூடக்கூட இந்தப் பயன் தேய்கிறது என்பதற்கு மகப்பேறு உதவி சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் 1987-இல் சில நூறு ரூபாயோடு தொடங்கி, 2006-இல் 6,000 ஆகவும் 2011-இல் 12,000 ஆகவும் 2018-இல் 18,000 ஆகவும் வளர்ந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கூலிக்குப் போகாமல் பெண் ஓய்வெடுக்க வேண்டும் என்பது இதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஆனால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், பதிவு, அரசு மருத்துவமனைப் பிரசவம், தடுப்பூசி எனப் படிப்படியாகத் தவணை என்று விதிகள் இறுகின. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் பாலசுப்பிரமணியனும் சுந்தரி ரவீந்திரனும் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, யாருக்கு மிகவும் தேவையோ அவர்களில் பலருக்குப் பணம் எட்டவில்லை என்று காட்டியது. குழந்தை தவழத் தொடங்கிய பிறகு வரும் பணம் நகையை மீட்க உதவலாம். எட்டாம் மாதத்தில் களையெடுக்கப் போவதை அது தடுக்காது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். பணம் கொடுத்தால் உழைக்கமாட்டார்கள் என்பது முதலாவது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உதவி பெற்றோர் உழைப்பைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா 2011 முதல் நடத்திய சோதனையில் நேர்ந்தது இன்னும் சுவையானது. பிறர் நிலத்துக் கூலியைக் குறைத்துக்கொண்டு தம் சொந்தத் துண்டு நிலத்தில் அதிக நேரம் உழைத்தார்கள், கால்நடை வாங்கினார்கள், கடனைக் குறைத்தார்கள். ‘வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்று நம்மூர் விவசாயிகள் சொல்லும் குறையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குறை பொய்யல்ல. பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது அதன் முழு வடிவம். சிறு விவசாயியின் விளைபொருளுக்கு விலை ஏறாதபோது கூலி மட்டும் ஏறுவது அவருக்கு உண்மையான இடர்தான். ஆனால் அதற்கு மருந்து கொள்முதல் விலையில் இருக்கிறது, கிழவியின் உதவித்தொகையில் இல்லை.

பணம் குடியில் போய்விடும் என்பது அடுத்த வாதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும், பண உதவியால் மதுச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பயனாளியிடம் மட்டும் கேட்பது சரியல்ல. மதுச் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசே நடத்துகிறது. 2022-23-இல் டாஸ்மாக் வழியே வந்த வருவாய் 44,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25 நிதிநிலை அறிக்கை ஒதுக்கியது 13,720 கோடி. ஒரு வீட்டில் கணவன் வழியாகப் போவது எவ்வளவு, மனைவி வழியாக வருவது எவ்வளவு என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒழுக்கம் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: பணம் இவ்வளவு நல்லதென்றால் ரேஷனுக்குப் பதிலாகவும் பணமே கொடுக்கலாமே? இதை ஏற்க முடியாது. ஜார்க்கண்டின் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் இதைச் செய்து பார்த்தார்கள். கிலோவுக்கு 31 ரூபாய் 60 காசு கணக்கில் வரும். அதை எடுத்துக்கொண்டு கடையில் 32 ரூபாய் கொடுத்து அரிசி வாங்க வேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, வாங்க ஒரு நடை. பொருளியலாளர் ஜான் திரேஸ் முதலானோர் எடுத்த கணக்கெடுப்பில் 97 விழுக்காட்டினர் இதை எதிர்த்தார்கள். 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. புதுச்சேரியிலும் அரிசிக்குப் பதில் பணம் தந்த ஏற்பாடு, மக்கள் கோரிக்கையால் 2024-இல் அரிசிக்கே திரும்பியது. அரிசியின் மேல் வரும் பணம் குடும்பத்தின் கையை வலுப்படுத்துகிறது. அரிசியைப் பறித்துவிட்டு வரும் பணம் சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது.

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, இந்த வரலாற்றின் பழைய இரண்டு குறைகளில் ஒன்றைப் பெரிதும் தீர்த்தது. பணம் பெண்ணின் பெயரில், மாதந்தோறும், அறிந்த தேதியில் வருகிறது. தேதி தெரிந்தால் சீட்டுக் கட்டலாம்; கடைக்காரருக்கு நாள் சொல்லலாம். மற்றொரு குறையான வாசற்காவல், அதாவது யாருக்குப் பணம் என்று முடிவு செய்யும் பிடி, உருமாறி நிற்கிறது. 1.63 கோடி விண்ணப்பங்களில் முதலில் ஏற்கப்பட்டவை சுமார் 1.06 கோடி. மின்கட்டண அளவும் நில அளவும் வாகனப் பதிவும் கணினியில் ஒப்பிடப்பட்டு மற்றவர்கள் விலக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஆனால் கணினியின் கணக்கு தவறென்று காட்டும் பொறுப்பு அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று இந்தத் தொகையில் பிடித்தம் செய்ய, நிதியமைச்சர் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியதாயிற்று. தபால்காரரின் காபிக்காசு இப்போது ‘சேவைக் கட்டணம்’ என்ற பெயரில் குறுஞ்செய்தியாக வருகிறது.

நிலத்தை அளவுகோலாக்கும் திட்டங்களில் இந்த விலக்கல் இன்னும் கூர்மையானது. 2019-இல் வந்த மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவது பட்டாதாரருக்கு. குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் அதில் இடமில்லை. அதே காலத்தில் ஒடிசா கொண்டுவந்த காலியா திட்டம் குத்தகையாளரையும் நிலமற்றோரையும் சேர்த்துக்கொண்டதால், அவர்களைக் கண்டறிய வழியில்லை என்ற சாக்கு நிற்காது.

விலைவாசியோடு தொகையை இணைக்கும் ஏற்பாடு இந்த அறுபதாண்டில் எந்தத் திட்டத்திலும் வரவில்லை. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2011-இல் 1,000 ரூபாய் ஆனது. 1,200 ஆக உயரப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. சட்டப்படி விலைக் குறியீட்டோடு இணைத்தால் இந்த உயர்வுகள் எந்த ஆட்சியின் கொடையாகவும் இராது. அதனால்தானோ என்னவோ எந்த ஆட்சியும் அதைச் செய்யவில்லை. எண்பது வயதுக்குட்பட்ட முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2006-இல் மாதம் 200 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இன்றும் அது 200 ரூபாய்தான்.