கழற்றி எறிந்த குதிரைகள்

பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பரிச்சயம். காலையில் உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். வண்டி கிளம்பாது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் நிறுத்தினால், பத்து நிமிஷத்தில் கார்ப்புரேட்டரைக் கழற்றி, ஊசிமுனைத் துளை உள்ள ஜெட்டை எடுத்து வாயில் வைத்து ‘ஃபூ’ என்று ஊதுவார். ‘குப்பை அடைச்சிருந்துச்சு சார். இப்ப உதைங்க!’ ஒரே உதை. கிளம்பிவிடும்.

நான் படித்தது பி.காம். இன்ஜின் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த ஊதல்தான். அதன் அருமை தெரியாமல், ஒரு பிரிட்டிஷ் கார் கம்பெனி பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு தனிக்கதை.

கதை ஆகாயத்தில் ஆரம்பிக்கிறது. 1940. இங்கிலாந்தின் வானத்தில் ஸ்பிட்ஃபயரும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டும் மோதிக்கொண்டிருந்த சமயம். மெஸ்ஸர்ஷ்மிட் சட்டென்று மூக்கைக் கவிழ்த்து டைவ் அடித்துத் தப்பிக்கும். துரத்திக்கொண்டு ஸ்பிட்ஃபயரும் கவிழ்ந்தால், இன்ஜின் இருமும். சில விநாடி மூச்சே நின்றுவிடும். என்ன காரணம்? ஸ்பிட்ஃபயரில் இருந்தது கார்ப்புரேட்டர். காற்று போகிற வேகத்தில் தானாக பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிற எளிய சாதனம். கவிழ்த்தால் உள்ளே இருக்கும் பெட்ரோல் தாறுமாறாகிவிடும். ஜெர்மன்காரனிடம் இருந்ததோ இன்ஜெக்‌ஷன். டாக்டர் ஊசி போடுகிற மாதிரி, அளந்து, அழுத்தி, பீய்ச்சுகிற சங்கதி. தலைகீழாக நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

பிரிட்டனைக் காப்பாற்றியது ஒரு பெண் இன்ஜினீயர். ஃபார்ன்பரோவில் வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங். மோட்டார் சைக்கிள் ரேஸில் ஓடியவர். நடுவில் துளை போட்ட ஒரு குட்டி உலோகத் துண்டு, அவ்வளவுதான். அதை பெட்ரோல் வரும் வழியில் செருகி, அளவுக்கு மீறிப் பாய்வதைத் தடுத்துவிட்டார். 1941-ல் ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனாகப் பொருத்திக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தது. 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் கார், அதே இன்ஜெக்‌ஷன் வித்தையோடு ரோட்டுக்கு வந்தது. பிரிட்டன் பார்த்துக்கொண்டே இருந்தது. நாமும் செய்தால் என்ன?

செய்தார்கள். 1967 அக்டோபரில் டிரையம்ஃப் டி.ஆர்.5 வந்தது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இன்ஜின், 150 குதிரைசக்தி. லூகாஸ் கம்பெனி தயாரித்த இன்ஜெக்‌ஷன். அடுத்து வந்த டி.ஆர்.6-லும், 2.5 பி.ஐ. என்ற குடும்பக் காரிலும் இதுவே.

சும்மா சொல்லக்கூடாது, அழகான யந்திரம். டிக்கியில் இருக்கிற பம்ப், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும். முன்னால் ‘மீட்டரிங் யூனிட்’ என்று ஒன்று. இன்ஜின் எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து ஊற்றும். கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாமே மெக்கானிக்கல். மயிரிழை இடைவெளியில் ஓடும் பாகங்களுக்குப் பெட்ரோல்தான் மசகு எண்ணெயும்கூட.

வினை அங்கேதான். பெட்ரோலில் தூசி கலந்தால் பாகம் தேயும். டேங்க்கில் பெட்ரோல் குறைந்து வெயிலும் அடித்தால் பம்ப் சூடாகும், பெட்ரோல் ஆவியாகும், கார் நடுரோட்டில் நிற்கும். சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்றால் அங்கே இருப்பவர் ஆயுள் முழுக்க கார்ப்புரேட்டர் பார்த்தவர். வாயில் வைத்து ஊத இதில் என்ன இருக்கிறது? சரியான பயிற்சி இல்லை, பரிசோதிக்கும் கருவி இல்லை. ‘கழற்றிப் போட்டுட்டு கார்ப்புரேட்டர் மாட்டிருங்க’ என்பதே பலருக்கும் கிடைத்த வைத்தியம்.

அது சின்ன வேலையும் இல்லை. இன்ஜெக்டர், மீட்டரிங் யூனிட், காற்றுக் குழாய்கள் எல்லாம் வெளியே. இரட்டை எஸ்.யு. அல்லது ஸ்ட்ராம்பெர்க், கையில் காசு இருந்தால் மூன்று வெபர் கார்ப்புரேட்டர்கள் உள்ளே. இவற்றுக்கு 3 பவுண்டு அழுத்தம் போதும் என்பதால் பம்ப்பையும் மாற்றவேண்டும். இன்ஜெக்‌ஷனை நம்பி முறுக்காகச் செதுக்கிய கேம்ஷாஃப்ட் சாதாரண கார்ப்புரேட்டரோடு ஒத்துப்போகாது. ஐடிலிங்கில் குலுங்கும். அதையும் மாற்றினால்தான் நிம்மதி. மாற்றினால் சில குதிரைகள் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், டிரையம்ஃப் இதை முதலிலேயே செய்திருந்தது. அமெரிக்காவில் 1968 மாடலிலிருந்து புகைக் கட்டுப்பாடு. அந்த விதிக்குள் இந்த இன்ஜெக்‌ஷனை அடக்குவது கஷ்டம், விலையும் அதிகம். ஆகவே அங்கே போன கார் டி.ஆர்.250. அதே உடம்பு, ஆனால் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்ப்புரேட்டர், சுமார் 105 குதிரைகள்தான். கடைசியில் தாய்வீட்டிலும் தோல்வி. 1974, 75-ல் அந்தக் குடும்பக் காருக்கு இரட்டை எஸ்.யு. கார்ப்புரேட்டர் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். 132 குதிரை 106 ஆனது. வாங்கியவர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இன்ஜின் நமக்கும் தூரத்துச் சொந்தம். சென்னைக்கு வெளியே தயாராகி நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய அவதாரம். அந்த நாலு சிலிண்டர் குடும்பத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த ஆறு சிலிண்டர்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பம்ப்பின் சூடு, மீட்டரிங் யூனிட்டின் நுணுக்கம் எல்லாவற்றுக்கும் கைதேர்ந்த ஆட்கள் வந்துவிட்டார்கள். சுத்தமாக அமைத்தால் அந்த இன்ஜெக்‌ஷன் ஒழுங்காக ஓடுகிறது. அன்று காசு கொடுத்துக் கழற்றியவர்களின் கார்களில், இன்று காசு கொடுத்து மறுபடி மாட்டுகிறார்கள். ஒரிஜினல் இன்ஜெக்‌ஷன் இருந்தால்தான் மதிப்பு. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபிறகு நம் ஊர் பைக்குகளே பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புகையைக் கட்டுப்படுத்த முடியாது என்று ஒதுக்கப்பட்ட அதே வித்தை, எலெக்ட்ரானிக் மூளை கிடைத்ததும் புகையைக் கட்டுப்படுத்தவே வந்து நிற்கிறது.

அப்படியானால் 1967-ல் தோற்றது யார்? யந்திரத்திடம் குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை விற்ற கம்பெனி, ரிப்பேர் செய்ய வேண்டியவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கணக்குப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இன்ஜெக்‌ஷனுக்கு ஆன செலவை அவர்கள் சரியாக எழுதினார்கள். மெக்கானிக்கின் பயிற்சிக்கான செலவை எழுத மறந்துவிட்டார்கள். அந்த பில்லைக் கட்டியது, நடுரோட்டில் நின்ற காரின் சொந்தக்காரன்.