திரையும் சரித்திரமும்

நெடுங்காலம் சரித்திர ஆசிரியனாகப் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். சினிமாவைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் திருத்திய விடைத்தாள்களிலேயே சினிமா புகுந்துவிட்ட பிறகு, அதைப் பற்றிப் பேசாதிருப்பது எங்ஙனம்?

ஒரு சமயம், கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்ததைப் பற்றி வினாக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தை இரண்டு பக்கம் பிழையின்றி எழுதியிருந்தான். சக்தி கிருஷ்ணசாமியின் தமிழும் சிவாஜி கணேசனின் குரலும் அவன் நெஞ்சில் பதிந்த அளவு என் பாடம் பதியவில்லை! அந்த நடிப்புக்கு 1960-இல் கெய்ரோ திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது, தகும். ஆனால் சரித்திரம் கூறுவது என்ன? கலெக்டர் ஜாக்சன் பாளையக்காரரை ஊர் ஊராக அலைக்கழித்தார். 1798-இல் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினெண்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மனின் செயலாளர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பிறகு கும்பெனியாரே விசாரித்து ஜாக்சனைப் பதவியிலிருந்து விலக்கினர். கும்பெனி தன் கலெக்டர் மீதே குறை கண்டது என்னும் செய்தி, எந்த வசனத்தையும் விட எனக்குச் சுவையாகப் படுகிறது. அப்படியிருந்தும், 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நிற்க. அம்மாணவனுக்குத் தமிழில் போட வேண்டிய மதிப்பெண்ணைச் சரித்திரத்தில் போட என் பேனா இணங்கவில்லை.

ஆகவே படங்கள் சரித்திரத்துக்கு உதவா என்று கொள்ளலாகாது. முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் பிரதி இன்று இல்லை. எனவே அதன் தரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. ஆயினும் பழங்காலக் கவியின் கதையைக் காண வந்தவர்களுக்கு, டி. பி. ராஜலக்ஷ்மி காந்தியடிகளின் ராட்டையைப் பற்றியும் பாடிக் காட்டினார். காளிதாசனுக்கும் ராட்டைக்கும் என்ன தொடர்பு? காலவழு என்று சிவப்பு மையால் கோடிட்டுவிடலாம். ஆனால் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்த மறு ஆண்டில் மக்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது? அப்படம் காளிதாசனின் காலத்தைக் காட்டவில்லை, 1931-ஐக் காட்டுகிறது.

கல்கியின் கதையை கே. சுப்ரமணியம் படமாக்கிய 'தியாகபூமி' (1939) சற்று மெதுவாகவே நகரும். ஆனால் அதற்கு வெள்ளையர் அரசு தடை விதித்தது. ஓர் அரசு எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய விரும்புவோர் பொறுமையுடன் பார்க்கலாம். 'சந்திரலேகா'வில் (1948) முரசு நடனத்தைப் பாருங்கள். மற்றவை உங்கள் விருப்பம்.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டு இல்லை, நடனமும் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சமயம், ரேடியோ எஞ்சினீயர் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். (வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்லச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது.) ஒவ்வொருவரும் தாம் அறிந்தபடி ஒரு கதை கூறுகின்றனர், ஒவ்வொன்றும் கேட்கும்போது உண்மை போலவே ஒலிக்கிறது. சாட்சியை எடை போடுவது எப்படி என்று வகுப்பில் நான் வாரக்கணக்கில் சொல்லித் தந்ததை, இப்படம் ஒரு மாலைப்பொழுதில் கற்பித்துவிடுகிறது. சுட்டவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.